தொண்ணூறு லட்சம் என்ற கணக்கு: வரலாற்றுக் காணொளி செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுக் காணொளி செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் தனியாகச் சுட்டி இதை எழுதவில்லை. பெயர் சொன்னால் சண்டைதான் மிஞ்சும், விஷயம் காணாமல் போய்விடும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுப்பவன். ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாடத்தைத் தொடங்கும் முன்பே என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கதையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இருண்ட காலத்தில் போப்பின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். மூலிகை தெரிந்த பெண்களையும் மருத்துவச்சிகளையும் பிடித்து ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். மிதந்தால் சூனியக்காரி என்று எரித்தார்கள். மூழ்கினால் நல்லவள் என்று புதைத்தார்கள். இப்படியே தொண்ணூறு லட்சம் பேர். எங்கேயடா படித்தாய் என்றால் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்கள்.

நீங்கள் செய்வது சின்ன வேலை இல்லை. நான் நாற்பத்தைந்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததை, பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதத் தோன்றுகிறது. மேலே சொன்ன கதையில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் பிசகு.

முதலில் அந்தத் தொண்ணூறு லட்சம். இந்த எண்ணுக்குப் பிறந்த ஊரும் உண்டு, பிறந்த ஆண்டும் உண்டு. ஜெர்மனியின் குவெட்லின்பர்க், 1784. கோட்ஃப்ரீட் கிறிஸ்டியன் ஃபோய்க்ட் என்ற சட்ட அலுவலர் தன் ஊர் ஆவணங்களைப் புரட்டியபோது சூனிய வழக்குகள் சுமார் இருபது அவர் கண்ணில் பட்டன. பழைய காகிதம் எத்தனையோ தொலைந்திருக்கும், நாற்பது என்று வைத்துக்கொள்வோம் என்றார். அதிலிருந்து தன் ஊருக்கு நூற்றாண்டுக்கு 133 பேர் என்று ஒரு விகிதம் எடுத்தார். ஊரின் மக்கள்தொகை 11,000. ஐரோப்பாவுக்கு 7 கோடியே 10 லட்சம். பெருக்கிப் பார்த்தால் நூற்றாண்டுக்கு 8,58,454 பேர் வருகிறார்கள். இந்தக் கொடுமை பதினோரு நூற்றாண்டுகள் நடந்தது என்பது அவர் எண்ணம். பதினொன்றால் பெருக்கினார். விடை 94,42,994.

நீங்களே கணக்கியைத் தட்டிப் பாருங்கள், அச்சாக வரும். பெருக்கலில் தவறே இல்லை. ஓர் ஊரில் கார்த்திகை மாதம் பெய்த மழையை அளந்துவிட்டு, கண்டம் முழுக்க ஆயிரம் ஆண்டு பெய்த மழையைச் சொல்வதில் என்ன தவறோ அந்தத் தவறுதான் இதில். குவெட்லின்பர்க் இருந்தது சூனிய வழக்குகள் மிக மோசமாக நடந்த ஜெர்மன் நிலத்தில். அவர் எடுத்த வழக்குகளோ மிக மோசமான பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்தவை. ஃபோய்க்ட்டைத் திட்டவும் மனம் வரவில்லை. மூடநம்பிக்கை திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் எழுதிய அறிவொளிக் காலத்து மனிதர் அவர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்தேர் சொன்ன எண்ணிக்கையே குறைவு என்று அவருக்குப் பட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த எண் நூல் நூலாகத் தாவிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவுக்கும், 1893இல் அமெரிக்கப் பெண் உரிமைப் போராளி மெட்டில்டா ஜாஸ்லின் கேஜ் எழுதிய நூலுக்கும் போனது. 1930களில் நாஜிகள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிறித்தவத் திருச்சபை ஜெர்மானிய இனப் பெண்களைத் திட்டமிட்டு அழித்தது என்று காட்ட அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் 1935இல் எஸ்.எஸ். படையில் இதற்கென்றே ஒரு குழுவை அமர்த்தினார். 1944 வரை அவர்கள் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிச் சேர்த்த வழக்குக் குறிப்பு அட்டைகள் சுமார் 33,000. ஒன்பது ஆண்டு, அரசாங்கச் செலவு, விருப்பமான முடிவு முன்கூட்டியே கையில் இருந்தது. அப்படித் தேடியும் தொண்ணூறு லட்சத்தின் நிழல்கூட அகப்படவில்லை. பிறகு 1970களில் அதே எண் பெண்ணியத் துண்டறிக்கைகளிலும் கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை மீட்க நினைக்கும் புதுப்பேகன் குழுக்களிலும் குடியேறியது. நாஜி மேடையில் முழங்கிய ஓர் எண் பெண் விடுதலை மேடையிலும் முழங்கியதை இரண்டு பக்கத்தாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று நம் ஊர்ச் சமூக ஊடகத்தில் பகுத்தறிவு பேசுபவரும் பகிர்கிறார், கிறித்தவத்தை மட்டம் தட்ட நினைக்கும் மதவாதியும் பகிர்கிறார்.

நீதிமன்ற ஆவணங்களை ஊர் ஊராக எண்ணிய ஆய்வாளர்கள் இன்று சொல்வது: சுமார் 1450 முதல் 1750 வரை, ஐரோப்பாவிலும் அதன் குடியேற்றங்களிலும் சேர்த்து, வழக்குக்கு இழுக்கப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில், கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை. இதில் பாதிக்கு அருகில் ஜெர்மன் மொழி வழங்கிய நிலங்களில் மட்டும்.

“அப்படியானால் திருச்சபைக்கு வெள்ளையடிக்கிறாயா?” என்று சிலர் கிளம்புவார்கள். ஐம்பதாயிரம் உயிர் உங்களுக்குப் போதவில்லையா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

அடுத்து, ‘இருண்ட காலம்’. உங்கள் காணொளிகளில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் பின்னணியில் மூடுபனியும் காக்கையும் வருகின்றன. தொடக்க இடைக்காலத் திருச்சபையோ, சூனியக்காரி பறக்கிறாள் என்று நம்புவதைத்தான் குற்றம் என்றது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு திருச்சபை விதி, இரவில் டயானா தேவியோடு விலங்குகள் மீதேறிப் பறப்பதாகச் சொல்லும் பெண்கள் கனவில் ஏமாந்தவர்கள் என்கிறது. அதற்கும் முன்னால் பிராங்கியரின் அரசர் சார்லமேன், தான் வென்ற சாக்சனியருக்கு இட்ட சட்டத்தில், ஒருவரைச் சூனியக்காரர் என்று சொல்லி எரிப்பவருக்குத்தான் மரண தண்டனை என்று எழுதினார். இடைக்காலத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1428இல் ஆல்ப்ஸ் மலையின் வாலே பகுதியில் பெரிய சூனிய வேட்டை ஒன்று நடந்தது. ஆனால் உச்சம் எப்போது? ஏறத்தாழ 1560 முதல் 1630 வரை. அச்சகம் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதுகிறார். கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்புகிறார்.

கெப்ளரின் அம்மா கதை தெரியுமா? இதை யாராவது காணொளியாக எடுங்கள் என்று நான் பல வருடமாகக் காத்திருக்கிறேன். கோள்களின் இயக்க விதிகளை எழுதிய அதே யோஹன்னஸ் கெப்ளர். அவர் தாய் கத்தரினா, வுர்ட்டம்பெர்க் நாட்டின் லியோன்பெர்க் என்ற சிற்றூரில் தனியாக வாழ்ந்த விதவை. 1615இல் ஊர்க் கண்ணாடிக்காரரின் மனைவி உர்சுலா ரைன்போல்ட், கத்தரினா கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் எனக்கு நோய் வந்தது என்று கிளப்பிவிட்டாள். ஊர் அதிகாரி லூத்தர் ஐன்ஹார்ன் ரைன்போல்ட் குடும்பத்தின் பக்கம். ஒருத்தி சொன்னதும் மற்றவர்களுக்கும் ஞாபகம் வரத் தொடங்கியது. என் மாடு செத்ததே, என் கால் வலித்ததே, அன்றைக்கு அவள் என் வீட்டுப் பக்கம் வந்தாளே. 1620 ஆகஸ்டில், மகள் வீட்டில் இருந்த எழுபது வயது கடந்த கிழவியை இராத்திரியோடு இராத்திரியாக ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துத் தூக்கிப் போனார்கள். பதினான்கு மாதம் சிறை, காலில் சங்கிலி. சங்கிலியில் கட்டிய அந்தக் கிழவிக்கு இரண்டு காவலர்கள். அவர்கள் சம்பளமும் அவள் சொத்திலிருந்துதான்.

பேரரசரின் கணிதராக இருந்த மகன், லின்ட்ஸ் நகரில் இருந்த வேலையை விட்டு வந்து வழக்கு நடத்தினார். சாட்சி ஒவ்வொன்றாக எடுத்து, இந்த நோய்க்கு இயற்கைக் காரணம் இது, இந்தச் சாட்சி முன்பு சொன்னது வேறு, இவருக்கு என் தாயோடு பழைய பகை என்று எழுத்தில் பிரித்துக் காட்டினார். கடைசியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் தெரியுமா? சித்திரவதை செய்ய வேண்டாம், கருவிகளைக் காட்டிப் பயமுறுத்திப் பாருங்கள். 1621 செப்டம்பரில் தண்டனை நிறைவேற்றும் ஆள் ஒவ்வொரு கருவியாகக் காட்ட, என் உடம்பிலிருந்து நரம்பு நரம்பாகப் பிடுங்கினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்று கிழவி சொல்லிவிட்டாள். விடுதலை. ஆறு மாதத்தில் செத்தும் போனாள்.

இந்தக் கதையில் போப் எங்கே? வுர்ட்டம்பெர்க் போப்பை ஏற்காத லூத்தரன் புராட்டஸ்டண்ட் நாடு. மதக் குற்றங்களை விசாரிக்கும் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் என்று ஒன்று அங்கே கிடையாது. இருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரி, ஊர் அதிகாரி, நீதிமன்ற எழுத்தர், பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். படிப்பறிவில்லாத கூட்டம் தீப்பந்தம் ஏந்தி வரும் காட்சியை நீங்கள் எத்தனை முறை போட்டிருப்பீர்கள்! சூனிய வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி மையும் முத்திரையுமாக நடந்தவை.

ஸ்பானிய மத விசாரணை மன்றம் இன்னும் தர்மசங்கடமான சாட்சி. யூதர், இஸ்லாமியர் வழிவந்தவர்களிடம் அது நடந்துகொண்ட விதத்தை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் சூனிய விஷயத்தில் அது ஐரோப்பாவின் மற்ற நீதிமன்றங்களைவிட அதிகம் சந்தேகப்பட்டது. 1610இல் லொக்ரோன்யோ நகரில் வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டு வழக்கொன்றில் ஆறு பேரை எரித்தார்கள்; சிறையிலேயே செத்துப்போன ஐந்து பேருக்குப் பதில் பொம்மைகளை எரித்தார்கள். அந்த மன்றத்தில் இருந்த அலோன்சோ டி சலாசர் ஃப்ரியாஸ் என்ற விசாரணையாளருக்கு உறுத்தியது. மறு ஆண்டு மலைக் கிராமங்களுக்குத் தானே போனார். 1,802 பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அதில் 1,384 பேர் குழந்தைகள். பறக்கப் பூசிக்கொண்ட களிம்பு என்று கொடுத்ததைச் சோதித்துப் பார்த்தார். உப்புக்கும் பெறாத பொருள்கள். இன்ன இடத்தில் கூடினோம் என்றவர்களைத் தனித்தனியே கூட்டிப்போய்க் கேட்டார்; ஒருவர் சொன்னது ஒருவருக்குப் பொருந்தவில்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அந்த ஊர்களில் சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1614இல் மேலிடம் புதிய விதிகளைப் போட்டது. அதன்பின் ஸ்பானிய மன்றத்தின் கையில் சூனியத்துக்காக எரிப்பது ஏறக்குறைய நின்றேபோனது.

‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்ற நூலை போப் கொடுத்த சட்டப் புத்தகம் என்கிறீர்கள். எழுதியவர் ஹைன்ரிக் கிராமர் என்ற டொமினிக்கன் துறவி. 1485இல் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெலனா ஷோய்பரின் என்ற பெண்மீதும் வேறு சிலர்மீதும் வழக்குப் போட்டார். அவள் படுக்கையறைச் சமாசாரங்களை அவர் துருவித் துருவிக் கேட்டது விசாரணைக் குழுவுக்கே பொறுக்கவில்லை. வழக்கு கலைந்தது. பிரிக்சன் ஆயர் கோல்சர், கிழத்துக்குப் புத்தி குழந்தையாகிவிட்டது என்ற பொருளில் எழுதி, ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னார். தோற்றுத் திரும்பிய அந்த ஆத்திரத்தில்தான் அந்த நூல் பிறந்தது. போப் எட்டாம் இன்னசென்ட்டிடமிருந்து 1484லேயே வாங்கி வைத்திருந்த ஆணையை முகப்பில் அச்சிட்டுக்கொண்டார். ஆக, போப்புக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் 1538இல் ஸ்பானிய மன்றம் தன் விசாரணையாளர்களுக்கு, அந்த நூலில் இருப்பதையெல்லாம் நம்பிவிடாதீர்கள் என்று எழுத வேண்டியிருந்தது.

சரி, கத்தோலிக்கப் பக்கம் கை சுத்தமா? ஜெர்மனியின் பாம்பெர்க்கைப் பாருங்கள். அங்கே ஆயரே அரசர். யோஹான் ஜியார்க் ஃபுக்ஸ் என்பவர் ஆட்சியில், 1626 முதல் 1631 வரை, பல நூறு பேர் கொல்லப்பட்டார்கள். சூனியக் கைதிகளுக்கென்றே 1627இல் ஒரு சிறை கட்டினார்கள். தண்டனை கொடுத்தது அவருடைய அரசு நீதிமன்றம். நடைமுறையில் கட்டுப்படுத்த மேலே யாரும் இல்லை. பேரரசின் மேல் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னவர்களைக்கூட விடவில்லை. அந்த நாட்டின் தலைமை அமைச்சர் ஹானையே குடும்பத்தோடு கொன்றார்கள்.

அந்தச் சிறையிலிருந்து ஒரு கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் யோஹன்னஸ் யூனியஸ், பாம்பெர்க் நகரத் தலைவர்களில் ஒருவர், வயது ஐம்பத்தைந்து. 1628 ஜூலை 24. மகள் வெரோனிகாவுக்கு எழுதுகிறார். “குற்றமற்றவனாகச் சிறைக்கு வந்தேன், குற்றமற்றவனாகச் சித்திரவதைப்பட்டேன், குற்றமற்றவனாகவே சாக வேண்டும்” என்று தொடங்குகிறது. கட்டைவிரல்களை இடுக்கியில் நெரித்ததில் நகக்கண் வழியாக இரத்தம் வந்தது. கைகள் முடமாகிவிட்டதால் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கப் பல நாள் பிடித்தது. சித்திரவதை செய்த தண்டனை ஆளே அவரைக் கொட்டடிக்குக் கூட்டிப்போகும்போது, ஐயா, கடவுள் பேரால் கேட்கிறேன், எதையாவது கட்டிச் சொல்லிவிடுங்கள், நீங்கள் தாங்க மாட்டீர்கள், தாங்கினாலும் விட மாட்டார்கள் என்று கெஞ்சியிருக்கிறார்.

யூனியஸ் கட்டிச் சொன்னார். ஒரு பெண் வந்தாள், ஆடாக மாறினாள், இப்படி. போதாது, கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தாய் என்றார்கள். யாரையும் தெரியவில்லை என்றார். தெருத் தெருவாகப் பெயர் சொல்லி, இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று கேட்டார்கள். மறுத்தால் மறுபடி கருவி. இப்படித்தான் ஒரு கைதி எட்டுப் பேரானார், எட்டு அறுபதானது. கடிதத்தின் கடைசியில், இதை மறைத்து வை, இல்லாவிட்டால் என்னை இன்னும் கொடுமைப்படுத்துவார்கள், கொண்டுவந்து தரும் காவலர்களின் தலையும் போகும் என்கிறார். கொண்டுவந்தவருக்கு ஒரு தாலர் காசு கொடுக்கவும் சொல்கிறார். சில நாளில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கடிதம் மகள் கைக்குப் போனதா என்றே தெரியாது. பெருவேட்டை எப்படி ஓடியது என்று அறிய இந்த ஒரு கடிதம் போதும். இதை விட்டுவிட்டு ஆற்றில் மிதப்பதையும் மூழ்குவதையும் எத்தனை நாள்தான் காட்டிக்கொண்டிருப்பீர்கள்?

ஆற்றுச் சோதனை பொய் என்று சொல்லவில்லை. நடந்தது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்து அரசராக மட்டும் இருந்த நாளில், அதைப் பரிந்துரைத்தே எழுதியிருக்கிறார். ஆனால் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவார்கள். மூழ்கினால் இழுத்து எடுப்பார்கள். மூழ்கியவள் நிரபராதி என்பதுதான் சோதனையின் நோக்கமே, அவளைச் சாகவிட்டால் அது எதற்கு? தவறிச் செத்தவர்கள் இருக்கலாம். ‘எப்படியானாலும் சாவுதான்’ என்ற வசனம் மேடைக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

எரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. கணவனைக் கொன்றது போன்ற குற்றமும் சேர்ந்தால்தான் நெருப்பு. 1612 பெண்டில் வழக்கில் லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்றபின் உடலை எரித்தார்கள். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் ஐந்து பேர் ஆண்கள். வாய் திறந்து வாதாட மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் அடுக்கி நசுக்கினார்கள். சேலத்தில் ஒருவரைக்கூட எரிக்கவில்லை. இருந்தும் சேலம் பற்றிய காணொளிகளின் முகப்புப் படத்தில் தவறாமல் நெருப்பு எரிகிறது. அந்த ஊரில் நடந்த விபரீதமோ வேறு: குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினார்கள், பொய் சொல்ல மாட்டேன் என்றவர்கள் தூக்குக்குப் போனார்கள். பூஞ்சை பிடித்த ரை (rye) தானிய ரொட்டி தின்றதால் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது என்ற கதையும் 1976இல் ஒரு கட்டுரையில் வந்தது. அதே ஆண்டே மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தில் வேண்டிய நேரத்துக்கு வந்து வேண்டிய நேரத்துக்கு நிற்கும் வலிப்பைப் பூஞ்சை தராது.

மருத்துவச்சி விஷயம் கொஞ்சம் நின்று பேச வேண்டியது, ஏனென்றால் அதில்தான் உணர்ச்சி அதிகம். பெண்களின் மருத்துவ அறிவைப் பறிக்க ஆண் மருத்துவர்கள் செய்த சதி என்று 1970களில் ஒரு சிறு நூல் சொன்னது, அது பரவிவிட்டது. கிராமர் தன் நூலில் மருத்துவச்சிகளைத் திட்டியிருப்பதும் உண்மை. ஆனால் வழக்கு ஆவணங்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அங்கே மருத்துவச்சிகள் குற்றவாளிக் கூண்டில் அபூர்வமாகவே அகப்பட்டார்கள். அடிக்கடி அகப்பட்டது வேறு இடத்தில்: கைதியின் உடலில் சாத்தானின் அடையாளம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க நீதிமன்றம் அழைத்த நம்பகமான பெண்களாக. ஊர் வைத்தியர்களும் அப்படித்தான். சிலர் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் “உனக்கு யார் வைத்தது தெரியுமா?” என்று பக்கத்து வீட்டைக் கைகாட்டியதும் பல இடங்களில் அவர்கள்தான்.

பெண்கள்மீதான வெறுப்பு இதில் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். அதிலும் வயதானவர்கள், ஏழைகள், வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவர்கள். ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்ட 21 பேரில் பெண் ஒருத்திதான். நார்மண்டியில் ஆண்கள்தான் அதிகம், அவர்களில் பலர் ஆடு மேய்ப்பவர்கள். ரஷ்யாவிலும் ஆண்களே பெரும்பான்மை. இந்த விதிவிலக்குகளைச் சொன்னால் உங்கள் வாதம் பலவீனமாகும் என்று பயப்பட வேண்டாம். ஏன் ஓரிடத்தில் பெண், ஓரிடத்தில் ஆண் என்று கேட்டால்தான் விஷயமே திறக்கிறது.

போப் ஒன்பதாம் கிரகோரி பூனைகளைக் கொல்லச் சொன்னார், அதனால் எலி பெருகிக் கொள்ளைநோய் வந்தது என்ற கதையை இங்கேயே முடித்துவிடுவோம். 1233இல் அவர் எழுதிய மடல் ஜெர்மனியில் இருந்த ஒரு மதப்பிரிவைப் பற்றியது. அவர்கள் கூட்டத்தில் கறுப்புப் பூனை வருவதாக அதில் ஒரு வதந்தி இருக்கிறது. பூனையைக் கொல் என்று ஒரு வரி இல்லை. கொள்ளைநோய் வந்தது நூறாண்டுக்கும் மேலே கழித்து, 1347இல்.

ஒரே நாளில் துலூஸ் நகரில் நானூறு பேரைக் கொன்றார்கள் என்றும் சிலர் சொல்கிறீர்கள். அதன் மூலம் 1829இல் லாமோத்-லாங்கோன் என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் எழுதிய ‘வரலாறு’. மேற்கோள் காட்டிய ஆவணங்களையே அவர் கற்பனையாகப் படைத்துவிட்டார். நூற்றைம்பது ஆண்டு ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. 1970களில்தான் நார்மன் கோன், ரிச்சர்ட் கீக்ஹெஃபர் என்ற இருவர் தனித்தனியாக அது புளுகு என்று கண்டுபிடித்தார்கள். பெரிய பேராசிரியர்களே ஏமாந்த இடம், ஆகவே இதில் உங்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஐம்பது வருடம் கழித்தும் சொல்வதுதான் குறை.

எதனால் நடந்தது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கேட்காதீர்கள். 1562 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஜெர்மனியின் தென்மேற்கில் பயங்கர ஆலங்கட்டி மழை. பயிர் அடியோடு நாசம். வீசன்ஸ்டைக் என்ற சின்ன ஆட்சிப்பகுதியில் அதைத் தொடர்ந்து நடந்த வேட்டையில் 63 பெண்களைக் கொன்றார்கள். அது புராட்டஸ்டண்ட் பிரபுவின் நிலம். குளிர்ந்துபோன பருவம், வீணான அறுவடை, விலையேற்றம், மதப் போர் எல்லாம் சேர்ந்து பயத்தைக் கொடுத்தன. ஆனால் அதே பனியும் அதே பசியும் வந்த பக்கத்து நாட்டில் வழக்கே நடக்காமல் போயிருக்கிறது. ஸ்காட்லாந்தில் பத்து லட்சம் சொச்சம் மக்களுக்கு நடுவே ஏறத்தாழ 2,500 பேரைக் கொன்றார்கள். நான்கைந்து மடங்கு மக்கள் இருந்த இங்கிலாந்தில் சுமார் 500. இங்கிலாந்துக்காரர் நல்லவர் என்பதில்லை. அங்கே சாதாரண வழக்கில் சித்திரவதை செய்யச் சட்டம் இடம் தரவில்லை, மேலிருந்து வரும் நீதிபதிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்கள். ஸ்காட்லாந்தில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கே விசாரிக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாரிஸ் மேல் நீதிமன்றமும் தன் எல்லைக்குள் வந்த சூனியத் தண்டனைகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கியபின் பெரும்பாலானவற்றைக் குறைத்தது அல்லது தள்ளியது. மேல்முறையீடு என்ற வறண்ட சொல்லை வைத்துப் பதினைந்து நிமிடம் பார்வையாளரைப் பிடித்து வைப்பது கஷ்டம்தான், தெரிகிறது. உங்களிடம் திறமை இருக்கிறது, முயன்று பாருங்கள்.

ஆகவே கோரிக்கைகள். தொண்ணூறு லட்சம் என்று சொன்ன காணொளிகளின் விவரக்குறிப்பில் ஒரு திருத்தமாவது போடுங்கள்; படத்தை நீக்கச் சொல்லவில்லை. சேலம் காணொளியின் முகப்பில் இருக்கும் நெருப்பை அணையுங்கள். ஆண்டு சொல்லும்போது ‘இடைக்காலம்’ என்று போர்த்தாமல் 1590 என்றால் 1590 என்றே சொல்லுங்கள். எந்த நாடு, எந்த நீதிமன்றம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியிலேயே பாதிப் பொய் உதிர்ந்துவிடும்.

யூனியஸின் கடிதம் முழுவதையும் யாராவது காணொளியில் படிப்பதாக இருந்தால், தமிழாக்கத்தை நான் செய்து தருகிறேன். காசு வேண்டாம், பெயரும் போட வேண்டாம். பின்னணியில் அந்த அழுகை வயலினை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்